திசையும் தோற்றமும்

தில்லியிலும் மும்பையிலும், கொல்கத்தாவிலும் சண்டிகரிலும், இரும்புத் தொழில் வளர்ந்த ஜாம்ஷெட்பூர், பிலாய் முதலிய நகரங்களிலும் குடியேறி வாழும் தமிழ்ப் பெற்றோருடன், பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தில் ஒரு சிறு பகுதியைப் பற்றிப் பேசுவது இன்று என் நோக்கம். நான் கணிதம் கற்றுத் துறைபோகியவர் கூட்டத்தைச் சேரேன். கலைப் பாடங்களில் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை செய்வது என் தொழில். ஆயினும் இந்தப் பகுதியைப் பற்றிப் பேசக் கணக்காசிரியருக்கு இருக்கும் உரிமையில் ஒரு பங்கு, சொற்களோடு பழகுகிறவர்களுக்கும் உண்டு என்பது என் எண்ணம். காரணத்தைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன்.

நான் குறிப்பிடும் பகுதியில் இரண்டு பாடங்கள் அடங்கும். ஒரு பெட்டியையோ, அடுக்கி வைத்த சில கட்டைகளையோ முன்னிருந்து பார்த்தால் எப்படித் தோன்றும், பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தோன்றும், மேலிருந்து பார்த்தால் எப்படித் தோன்றும் என்று தாளில் வரைந்து காட்டுவது ஒன்று. கட்டம் போட்ட தாளில் ஓர் இடத்தை இரண்டு எண்களால் குறிப்பது மற்றொன்று. 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்ட அமைப்பை ஒட்டி வெளிவந்த மத்தியப் பாடநூல்களில், ஏழாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் கன உருவங்களைக் காண்பதற்கென்றே தனிப் பாடங்கள் இருந்தன. இரண்டு எண்களால் இடம் குறிக்கும் பாடம் ஒன்பதாம் வகுப்பில் விரிவாக வந்தது. ஆனால் வீட்டில் இவற்றுக்கு மதிப்பு இல்லை. பெருக்கல் வாய்பாட்டைத் தலைகீழாகச் சொல்லும் பிள்ளை, மூன்று பெட்டிகளின் பக்கத் தோற்றத்தை வரையத் தெரியாமல் விழித்தால், ‘அது படம் போடுகிற பாடம்தானே, இரண்டு மதிப்பெண் போனால் போகட்டும்’ என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். வீட்டுத் திட்டப்படம், இயந்திரப் படம், நாட்டின் வரைபடம், மருத்துவர் பார்க்கும் ஊடுகதிர்ப் படம் ஆகிய எல்லாவற்றையும் படித்தறியும் திறன் இந்த இரண்டு மதிப்பெண்ணில்தான் தொடங்குகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. பிள்ளை இந்தியிலோ ஆங்கிலத்திலோ, மராத்தியிலோ வங்காளியிலோ பயில்கிறது. தமிழகத்துப் பாடநூலில் ஆயத்தொலைவு என்று வருவது இந்தி நூலில் நிர்தேசாங்க் என்று வருகிறது. ‘கலைச்சொல்லே எனக்குப் புரியவில்லை, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?’ என்று தாய் ஒதுங்கிக்கொள்கிறாள். மற்றப் பாடங்களுக்கு இந்தத் தயக்கம் ஒருவேளை பொருந்தும். இந்தப் பாடத்துக்குப் பொருந்தாது. இதற்கு வேண்டியவை கலைச்சொற்கள் அல்ல. மேல், கீழ், முன், பின், வலம், இடம், கிழக்கு, மேற்கு, குறுக்கு, நெடுக்கு என்னும் வீட்டுச் சொற்களே. அவற்றைப் பிள்ளை முதலில் தாய்மொழியில்தான் பெறுகிறது. சொற்களோடு பழகுகிறவர்க்கும் உரிமை உண்டு என்று நான் சொன்னது இதனால்தான்.

குழந்தை இடத்தை எவ்வாறு அறிகிறது என்பதைச் சுவிட்சர்லாந்து நாட்டு உளநூல் அறிஞர் ஜான் பியாஜே, பேர்பெல் இன்ஹெல்டர் என்னும் அம்மையாருடன் சேர்ந்து ஆராய்ந்து, 1948இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதில் வரும் சோதனை ஒன்று புகழ்பெற்றது. ஒரு மேசைமேல் மூன்று மலைகளின் உருவங்கள் வைக்கப்பட்டிருக்கும். குழந்தை ஒரு பக்கத்தில் அமர்ந்திருக்கும். வேறொரு பக்கத்தில் ஒரு பொம்மை இருக்கும். ‘அந்தப் பொம்மையின் கண்ணுக்கு இம்மலைகள் எப்படித் தெரியும்?’ என்று கேட்டுச் சில படங்களைக் காட்டுவார்கள். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பெரும்பாலும் தமக்குத் தெரியும் காட்சியையே எடுத்துக் காட்டின. தன் கண்ணுக்குத் தெரிவதே எல்லார் கண்ணுக்கும் தெரியும் என்று குழந்தை எண்ணுகிறது என்பது பியாஜே கண்ட முடிவு.

இந்த முடிவு பின்னர் மறு ஆய்வுக்கு உள்ளாயிற்று. ஸ்காட்லாந்தில் மார்ட்டின் ஹியூஸ் என்பவர் மலைகளுக்குப் பதிலாக, குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு சுவர்களையும் ஒரு சிறுவன் பொம்மையையும் போலீஸ்காரப் பொம்மைகளையும் வைத்தார். ‘போலீஸ்காரர் கண்ணில் படாதபடி இந்தச் சிறுவனை ஒளித்து வை’ என்றார். மூன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகள் பத்தில் ஒன்பது முறை சரியாக ஒளித்து வைத்தன. மார்கரெட் டொனால்ட்சன் அம்மையார் 1978இல் எழுதிய நூலில் இதனை விரிவாக எடுத்துரைத்தார். கேள்வி வாழ்க்கையோடு ஒட்டியிருந்தால் குழந்தை பிறர் கண்ணால் பார்க்கும், ஒட்டாவிட்டால் தடுமாறும். கண்ணாமூச்சி ஆடும் பிள்ளைக்குத் ‘தேடுகிறவன் எங்கே நிற்கிறான், அவனுக்கு நான் தெரிவேனா’ என்னும் கணக்கு நன்றாகவே தெரியும். பக்கத் தோற்றம் என்பது அந்தக் கணக்கே அன்றி வேறன்று. ஆகவே இப்பாடத்தைத் தாளிலும் பென்சிலிலும் தொடங்கக் கூடாது. தரையில் தொடங்க வேண்டும்.

தொடங்கும் முறை ஒன்றைச் சொல்லுகிறேன். ஒரே அளவான காலித் தீப்பெட்டிகள் பதின்மூன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் பெட்டிகளை இரண்டு வரிசையாக, வரிசைக்கு மூன்று இடம் என அடுக்குங்கள். பிள்ளை இந்தப் பக்கம் உட்காரட்டும். பிள்ளைக்கு அப்பாலுள்ள பின் வரிசையில், இடமிருந்து வலமாக 3 பெட்டி உயரம், 1 பெட்டி உயரம், 2 பெட்டி உயரம். பிள்ளைக்கு அருகிலுள்ள முன் வரிசையில் 1, 2, 1. ஆக மொத்தம் 10 பெட்டிகள். இப்போது பிள்ளை கண்ணைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேரே பார்க்கட்டும். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டில் உயரமானதுதான் தெரியும். ஆகவே முன் தோற்றம் 3, 2, 2. பிறகு எழுந்து வலப்பக்கம் வந்து உட்காரட்டும். இங்கிருந்து பார்க்கும்போது முன் வரிசை இடக்கைப் பக்கமும் பின் வரிசை வலக்கைப் பக்கமும் வந்துவிடும். தோற்றம் 2, 3. பலகைமேல் ஏறி நின்று குனிந்து பார்த்தால் ஆறு செவ்வகங்கள் மட்டுமே தெரியும், உயரமே தெரியாது.

முதன்முதலாக வலப்பக்கம் வரும்போது பிள்ளைகள் 3, 2 என்று சொல்லுவார்கள். அதை உடனே திருத்த வேண்டாம். உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு இடம் மாறினால்தான் ‘இடப்பக்கம் என்பது என்னோடு கூட வருகிறது’ என்பது விளங்கும். புத்தகத்திலுள்ள படத்தில் அம்புக்குறி போட்டு ‘பக்கம்’ என்று எழுதியிருப்பதால் அது விளங்குவதில்லை. அம்புக்குறிக்குக் கையும் இல்லை, காலும் இல்லை.

இனி, மேலிருந்து பார்த்த ஆறு கட்டங்களைத் தாளில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அங்கே எத்தனை பெட்டி உயரம் என்பதை எழுதச் சொல்லுங்கள். இந்த ஒரு படமே போதும்; இதைப் பார்த்து மற்றோர் அறையில் இருக்கும் அக்காளோ தம்பியோ அதே அடுக்கைக் கட்டிவிடலாம். ஆனால் எண்களை எழுதாமல் மூன்று தோற்றங்களை மட்டும் வரைந்து அனுப்பினால் என்ன ஆகும்? இங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது. பின் வரிசை நடுவில் ஒரு பெட்டியும், முன் வரிசை இரு ஓரங்களிலும் ஒவ்வொரு பெட்டியும் கூடுதலாக வைத்துப் பாருங்கள். பின் வரிசை 3, 2, 2 ஆகும். முன் வரிசை 2, 2, 2 ஆகும். மொத்தம் 13 பெட்டிகள். முன் தோற்றம் மாறவில்லை. பக்கத் தோற்றம் மாறவில்லை. மேல் தோற்றமும் மாறவில்லை. மூன்று பக்கமும் பார்த்துச் சொன்ன சாட்சிகள் மூவரும் உண்மையே சொன்னாலும், பெட்டி பத்தா பதின்மூன்றா என்று அவர்களால் சொல்ல முடியாது. பெரியவர்களே வியக்கும் இந்தச் செய்தியைப் பிள்ளைகள் கையால் கண்டுபிடிக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அடுக்களையில் இதற்குப் பயிற்சி ஏராளம். டிகாக்ஷன் வடிக்கும் பில்டர், தாம்பாளம், தேங்காய் இம்மூன்றும் மேலிருந்து பார்க்க வட்டமே. பக்கத்திலிருந்து பார்த்தால் முதலாவது ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு செவ்வகம், இரண்டாவது ஒரு கோடு, மூன்றாவது ஏறத்தாழ மீண்டும் வட்டம். டபராவுக்குள் வைத்த டம்ளரை மேலிருந்து வரைந்தால் ஒன்றனுள் ஒன்றாக வட்டங்கள். பக்கத்திலிருந்து வரைந்தால் டம்ளரின் கீழ்ப்பாதி மறைந்துபோகும். மறைந்ததைப் புள்ளிக்கோட்டால் காட்டுவது பொறியாளர் வழக்கம் என்பதையும் அப்போதே சொல்லிவைக்கலாம்.

தில்லியில் வாழ்வோர் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைக் குதுப்மினாருக்கு அழைத்துச் செல்லலாம். ஏறத்தாழ 73 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரம், அடியில் 14 மீட்டருக்குச் சற்று மிகுந்த குறுக்களவும், உச்சியில் 3 மீட்டருக்கும் குறைந்த குறுக்களவும் கொண்டது. எட்ட நின்று பார்க்கிறவனுக்கு அதன் மேனியில் நெடுக்குக் கோடுகள் மட்டுமே தெரியும். கிட்டச் சென்றால் அவை கோடுகள் அல்ல, புடைப்புகள் என்று காணலாம். முதல் அடுக்கில் உருண்டையான புடைப்பும் கூர்மையான புடைப்பும் மாறி மாறி வருகின்றன. இரண்டாம் அடுக்கில் எல்லாம் உருண்டை. மூன்றாம் அடுக்கில் எல்லாம் கூர்மை. ‘இந்த மூன்று அடுக்கையும் கத்தியால் குறுக்கே வெட்டி மேலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் எப்படி இருக்கும், வரைந்து காட்டு’ என்று கேளுங்கள். மூன்றாவது அடுக்கு நட்சத்திரம் போலவும், இரண்டாவது பூவிதழ் போலவும், முதலாவது இரண்டும் கலந்தும் வரும். முன் தோற்றத்தில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே. அதைக் கட்டிய கொத்தன் மனத்தில் இருந்தது அந்த மேல் தோற்றமே என்பது பிள்ளைக்குத் தானே விளங்கும்.

இத்தோற்றங்களை முறையான நூலாக ஆக்கியவர் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ். கோட்டை கட்டும் கணக்குகளை எளிதாக்க அவர் கண்ட இந்த வழி, சில காலம் இராணுவ இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தது. 1795இல் அவர் பாரிசில் வெளிப்படையாகச் சொற்பொழிவு ஆற்றினார். 1799இல் அது நூலாயிற்று. அன்று இரகசியமாக இருந்ததை இன்று நம் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் படிக்கிறார்கள். கட்டட ஆவணங்களை மொழிபெயர்க்கையில் ‘எலிவேஷன்’ என்று ஒரு சொல் வரும். அகராதியை மட்டும் நம்புகிறவர் அதை ‘உயரம்’ என்று எழுதிவிடுவார். அங்கே அதன் பொருள் முகப்புத் தோற்றம். சுவரின் எதிரே ஒருவர் நிற்கிறார் என்பது மனத்தில் இருந்தால்தான் சொல் சரியாக அமையும்.

இதுவரை சொன்னவை, பார்க்கிறவர் இடம் மாறினால் பொருளின் தோற்றம் மாறும் என்பது பற்றி. கட்டத்தாள் கணக்கு இதற்கு மறுதலை. பார்க்கிறவர் எங்கே இருந்தாலும் இடத்தின் பெயர் மாறக் கூடாது என்பது அதன் நோக்கம். இந்த இரண்டுக்கும் ஏற்ற சொற்கள் தமிழில் உண்டு. ஆனால் அவற்றுள் ஒரு வகை நம் வீடுகளில் தேய்ந்து வருகிறது. அதைப் பற்றிச் சற்று விரித்துப் பேச வேண்டும்.

கிராமத்துப் பெரியவர்கள், ‘கெழக்கால நகர்ந்து உட்காரு’, ‘அந்தச் சொம்பை வடக்கால தள்ளி வை’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பந்தியில் இலைக்கு எந்தப் பக்கம் உப்பு என்பதைக்கூடத் திசையால் சொல்லுகிறவர்கள் உண்டு. நகரத்தில் வளர்ந்தவர்கள் ‘வலது பக்கம்’, ‘இடது பக்கம்’ என்பார்கள். இந்த வேற்றுமையை எரிக் பெடர்சன் என்னும் மொழியியல் அறிஞர் தமிழ்நாட்டில் ஆராய்ந்து, 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கிராமத்தார் கைக்கெட்டும் சிறு பொருள்களின் இருப்பைச் சொல்லும்போதும் திசைச் சொற்களைக் கையாளுவதையும், நகரத்தார் வலம், இடம் என்பவற்றைக் கையாளுவதையும் அவர் எடுத்துக் காட்டினார். ஒரே மொழியில் இரண்டு இடக்கணக்குகள் வாழ்கின்றன என்பது உலக அறிஞர்களின் கவனத்தைக் கவர்ந்த செய்தி. ‘எழுவாய், பயனிலை இரண்டும் ஒன்றுதானே, மொழியும் ஒன்றுதானே’ என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம்!

இதில் எது உயர்ந்தது என்பது என் வாதம் அன்று. வலமும் இடமும் பேசுகிறவனோடு கூடத் திரும்பும். கிழக்கும் மேற்கும் திரும்பா. தோற்றம் வரைய முதல் வகை வேண்டும். வரைபடம் படிக்கவும் கட்டத்தாளில் இடம் குறிக்கவும் இரண்டாம் வகை வேண்டும். இன்று கைப்பேசியிலுள்ள வரைபடமே இவ்விரண்டையும் வைத்திருக்கிறது. ஒரு வகையில் வடக்கு எப்போதும் மேலே நிற்கும். மற்றொரு வகையில் நாம் திரும்பும் பக்கமெல்லாம் படமும் திரும்பும். இரண்டாவதையே பழகிய பிள்ளை, வீட்டுக்குப் போய்ச் சேரும்; ஆனால் வீடு எந்தத் திசையில் இருந்தது என்று அதற்குத் தெரியாது. அடுக்குமாடி வீட்டில் ஏழாம் தளத்தில் வளரும் பிள்ளையிடம் ‘கிழக்கு எது?’ என்று கேட்டால், திரையைப் பார்க்கிறதே தவிரச் சன்னலைப் பார்ப்பதில்லை. ஊரில் பாட்டிக்கு இயல்பாக இருந்த திசையறிவு இரண்டு தலைமுறையில் நம்மிடமிருந்து போய்விடுகிறது. இதற்குப் பள்ளியைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தச் சொற்களை நாம் வீட்டில் வழங்கவில்லை என்றால் வேறு யாரும் வழங்க மாட்டார்கள்.

வழங்குவதற்கு மிகச் சிறந்த இடம் கோலம். மாக்கோலம் போட வாசல் இல்லாதவர்கள் மாடத்தில் சாக்குக்கட்டியால் புள்ளி வைக்கலாம். அதுவும் இல்லையேல் தாள் இருக்கிறது. வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை நேர்ப்புள்ளி வையுங்கள். நீங்கள் ஒரு பக்கமும் பிள்ளை எதிர்ப்பக்கமும் உட்காருங்கள். ஒரு புள்ளியின்மேல் புளியங்கொட்டை ஒன்றை வைத்து, ‘இது எங்கே இருக்கிறது?’ என்று இருவரும் சொல்லுங்கள். உங்கள் வலம் பிள்ளைக்கு இடம். உங்கள் முன் வரிசை பிள்ளைக்குக் கடைசி வரிசை. இரண்டு பேரும் சொல்வது சரி. இரண்டும் ஒத்து வரா. இந்தப் பூசல் தீரச் செய்ய வேண்டியது என்ன? தென்மேற்கு மூலைப் புள்ளியைத் தொடக்கம் என்று இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கிருந்து கிழக்கே எத்தனை, பிறகு வடக்கே எத்தனை என்று எண்ண வேண்டும். ‘கிழக்கே 3, வடக்கே 2’ என்று சொல்லிவிட்டால், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் விடை ஒன்றே. 1637இல் பிரெஞ்சு அறிஞர் தேக்கார்ட் வெளியிட்ட வடிவகணித நூலிலிருந்து வளர்ந்த பெரிய கலையின் அடிப்படை இந்த உடன்பாடுதான். கூரையில் ஊர்ந்த ஈயைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியதாகச் சொல்லும் கதையை நான் நம்பவில்லை. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற கதைதான்.

இவ்விடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழும் படிகள் மூன்று உண்டு. முதலாவது பூச்சியம். தொடக்கப் புள்ளியையே ஒன்று என்று எண்ணிவிடுவார்கள். ‘புள்ளியை எண்ணாதே, ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு வைக்கும் அடியை எண்ணு’ என்று சொன்னால் சரியாகிவிடும், அடி வைக்காமல் நிற்கிறவன் பூச்சியத்தில் நிற்கிறான். இரண்டாவது, புள்ளிக்கும் கட்டத்துக்கும் உள்ள வேற்றுமை. சதுரங்கப் பலகையிலும் தாயக்கட்டத்திலும் காய் கட்டத்துக்குள் நிற்கிறது. அங்கே பெயர் கட்டத்துக்கு உரியது. கோலத்திலும் கட்டத்தாள் கணக்கிலும் பெயர் கோடுகள் சந்திக்கும் புள்ளிக்கு உரியது. சதுரங்கம் பழகிய பிள்ளை இங்கே குழம்புவது இயற்கை. பாடநூல்கள் இவ்வேற்றுமையைச் சொல்லாமலே தாண்டிச் செல்வது எனக்கு வியப்பாக இருக்கிறது.

மூன்றாவது, எண்களின் வரிசை. பள்ளிக் கணக்கில் குறுக்கே செல்லும் எண் முதலிலும், மேலே செல்லும் எண் பிறகும் வரும். நிலநூலில் இது தலைகீழ். அங்கே வடக்குத் தெற்கைக் காட்டும் அட்சம் முதலில். கிழக்கு மேற்கைக் காட்டும் தீர்க்கம் பிறகு. தில்லி ஏறத்தாழ வடக்கு 28.6 பாகை, கிழக்கு 77.2 பாகை, சென்னை வடக்கு 13.1, கிழக்கு 80.3. இந்த நான்கு எண்களை மட்டும் கொடுத்து, ‘சென்னை தில்லிக்கு நேர் தெற்கேயா?’ என்று கேட்டால், மூன்று பாகை கிழக்கே தள்ளியிருக்கிறது என்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். மும்பையில் இருப்போர் 19.1, 72.9 என்றும், கொல்கத்தாவில் இருப்போர் 22.6, 88.4 என்றும் தம் ஊரைச் சேர்த்துக்கொண்டு, கட்டத்தாளிலேயே சொந்த ஊருக்குப் போகும் திசையை வரையலாம்.

ஊருக்குப் போகும் பேச்சு வந்ததால் இரயில் வண்டியையும் குறிப்பிட்டுவிடுகிறேன். தூங்கும் வசதியுள்ள பெட்டியில் எட்டுப் படுக்கைகளுக்கு ஒரு தடுப்பு; 72 படுக்கை கொண்ட பழைய பெட்டியில் ஒன்பது தடுப்புகள், 80 கொண்ட புதிய பெட்டியில் பத்து. படுக்கை எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1, 4 மீதியானால் கீழ். 2, 5 ஆனால் நடு. 3, 6 ஆனால் மேல். 7 ஆனால் பக்கவாட்டுக் கீழ். மீதியே இல்லாவிட்டால் பக்கவாட்டு மேல். 43ஆம் எண் என்றால், ஐந்து தடுப்புகளைக் கடந்து ஆறாவதில் மேல் படுக்கை. பயணச்சீட்டைக் கையில் கொடுத்து, ‘வண்டியில் ஏறுமுன் நம் இடத்தை வரைந்து காட்டு’ என்று சொன்னால், ஒரே எண்ணுக்குள் நீளமும் உயரமும் ஒளிந்திருப்பதைப் பிள்ளை காணும். சண்டிகரில் வாழ்வோருக்கு இதைவிடச் சுவையான புதிர் உண்டு. அங்கே பகுதிகளின் எண்கள், உழவன் ஏர் திரும்புவதுபோல ஒரு வரிசையில் இப்படியும் அடுத்ததில் அப்படியும் ஓடுகின்றன. 17ஐ அடுத்துக் கீழே 22; 16க்குக் கீழே 23; 18க்குக் கீழே 21. கூட்டிப் பார்த்தால் மூன்றும் 39. ஏன் என்று பிள்ளைகள் யோசிக்கட்டும்.

‘இதெல்லாம் பிறவியிலேயே அமைய வேண்டும், பெண் பிள்ளைக்கு வராது’ என்று சொல்லுவோர் இன்னும் இருக்கிறார்கள். இத்துறையில் நடந்த 217 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து அமெரிக்க அறிஞர்கள் 2013இல் வெளியிட்ட கட்டுரை, இடத்தை மனத்தால் காணும் திறன் பயிற்சியால் வளரும், வளர்ந்தது நிலைக்கும் என்று காட்டியிருக்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது பொது. இதை நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நெளியும் ஒற்றைக் கம்பியைக் கை எடுக்காமல் புள்ளிகளைச் சுற்றி ஓட்டித் தொடங்கிய இடத்திலேயே முடிக்கிறவர்களுக்கு இடக்கணக்கு வராது என்று யார் சொல்ல முடியும்?

கோலத்தில் நேர்ப்புள்ளி போலவே இடைப்புள்ளியும் உண்டல்லவா? மேல்வரிசைப் புள்ளி கீழ்வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுவது அது. நேர்ப்புள்ளி ஆயத்தொலைவுக்கு உதவியதுபோல, இடைப்புள்ளி கன உருவத்துக்கு உதவும். மத்தியப் பாடநூல் ஏழாம் வகுப்பில் கனசதுரம் வரைவதற்கென்று ஒரு புள்ளித்தாள் கொடுத்திருந்தது. அது இந்த இடைப்புள்ளியே. நடுவில் மூன்று, மேலே இரண்டு, கீழே இரண்டு என ஏழே புள்ளிகள் வையுங்கள். வெளியே உள்ள ஆறு புள்ளிகளையும் சுற்றிவரக் கோட்டால் சேருங்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்று மூலைகளுக்குக் கோடு இழுங்கள். இனிப் பக்கவாட்டில் வந்து நின்று பாருங்கள். தரையிலிருந்து ஒரு கனசதுரம் எழுந்து நிற்கும். நடுவிலிருந்து ஒரு கோடு உங்களை நோக்கி வந்தால் அதை மேலிருந்து பார்க்கிறீர்கள். எதிர்ப்பக்கம் போய் நின்றால் அதே கோலம் கீழிருந்து பார்க்கும் பெட்டியாக மாறிவிடும்.

கனசதுரத்துக்கு மூலைகள் எட்டு. நாம் வைத்த புள்ளிகள் ஏழு. எட்டாவது மூலை எங்கே என்று பிள்ளையைக் கேளுங்கள். விடையைச் சொல்லிவிடாமல், ஒரு பெட்டியைக் கையில் கொடுத்து, ஒரு மூலை தன் கண்ணுக்கு நேரே வரும்படி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மூலைக்கு நேர் பின்னால் எட்டாவது மூலை மறைந்திருக்கும்.